புளிப்புதான், வலியில்லை

...இல்லை, இந்தக் குரலை மறந்தால் மெங் குய்லான் மனுஷியே இல்லை, இந்த அக்குபங்சர் அறையில் திரைக்கு அப்பால் முனகிக் கிடக்கிறவன் பான் தேஷெங்தான், ஷென்யாங் மாவு ஆலையின் மேஸ்திரி, ஒன்பது ஆண்டுகள் அவள் முதுகில் மூட்டை ஏற்றிய அதே பான்... அவளும் குப்புறத்தான் கிடக்கிறாள், இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை எட்டு ஊசிகள், ஊசிகளின் தலையில் மின்கம்பிகள், தசை தானாகத் துடிக்கிறது, சுவரில் எம்ஆர்ஐ படம், அதில் கால் நரம்பை நசுக்கும் பிதுங்கிய முதுகெலும்பு வட்டு. "படமும் பொய் சொல்லாது, ஊசியும் பொய் சொல்லாதுக்கா. இப்ப புளிக்குதா?" என்று கேட்டாள் யான் டாக்டர். புளிக்கிறது, எலும்புக்குள் ஊறும் குடைச்சலுக்கு இந்த ஊரில் வேறு சொல் ஏது? ஏழு ஆண்டுகளுக்கு முன் ஆலையிலும் அதைத்தானே சொன்னாள், "மேஸ்திரி, காலு புளிக்குது, ஒரு வாரம் உக்காந்து செய்யற வேலை குடுங்க" என்று? "புளிக்குதா? நீ என்ன முட்டைக்கோஸ் ஊறுகாயா? போ, போய் மூட்டையத் தூக்கு!" கூடமே சிரித்தது. விடுப்புத் தாளில் எழுதினான்: புளிப்புதான், வலியில்லை, தூக்கலாம். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருத்தியின் காலை முடமாக்கலாமா? உழைப்பவளின் வேதனைக்கு அகராதி எழுத இவன் யார்? எந்த நீதி இவனைக் கேட்டது?

இதோ, டாக்டர் அவனுக்கும் ஊசி ஏற்றி, கருவியை முடுக்கி, அழைப்பு மணியை இவள் கையருகே வைக்கிறாள். "அவருக்குக் கை எட்டாது. கூப்பிட்டா நீங்க அழுத்துங்கக்கா." கதவு சாத்தப்படுகிறது. இரு கருவிகளும் டிக் டிக்கென்று... ஏழு ஆண்டுகள் காத்த கை இது, அழுத்தாமலிருக்க இதற்குச் சொல்லியா தரவேண்டும்? துடிக்கட்டும், அந்தத் தடித்த தொடை துடிக்கட்டும்.

"அம்மா... பக்கத்துல யாரு? மணிய அழுத்துங்களேன், தாங்கலை."

"வலிக்குதா?"

"புளிக்குதும்மா, உள்ளுக்குள்ள..."

வந்துவிட்டது! அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது! நாக்கின் நுனியில் ஏழு ஆண்டுகளாகத் தீட்டிவைத்த வாக்கியத்தை அவள் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக இறக்கினாள்: "புளிப்புதான், வலியில்லையே?" இப்போது அவன் அதிர்வான், பெயர் சொல்லிக் கூப்பிடுவான், மன்றாடுவான்...

"ஆமாம்மா, புளிப்புதான்," என்றான் பான், பரிவாகப் பேசுகிறாள் என்று நம்பிய குரலில். "இதுவே இப்படிக் கொல்லுமுன்னு எவன் கண்டான்? உங்களுக்கும் இதேதானா?"

அவனுக்கு நினைவே இல்லை. அந்தத் தாள், அந்தச் சிரிப்பு, அவள்... எதுவுமே இல்லை. அப்படியானால் இத்தனை நாள் யாரை இவள் தண்டித்துக்கொண்டிருந்தாள்? கருவிகள் டிக் டிக்கென்றன, அவள் கட்டைவிரல் மணியின்மேல் கிடந்தது, அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை, அந்த விரலும் மெல்லப் புளிக்கத் தொடங்கியிருந்தது...