வாண்டு பேரில் வேண்டாம்

"கையை எடுங்க சித்தப்பா."

சித்தப்பா பிளக்கைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். முன்னறைக் கட்டிலில் வாண்டுவின் உடல் கிடந்தது. அவளை வெளியே கொண்டுபோக வழியை மறித்துக்கொண்டு நின்றது மேசையும் அதன் மேல் ஓடிக்கொண்டிருந்த பழைய கணினியும். மேசையை நகர்த்த பிளக்கைப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். வண்டி வேறு வாசலில் வந்து நிற்கிறது.

"இந்த டப்பாவை அணைச்சா உனக்கென்னம்மா?"

"அவ கடைசியா போட்டது அதுல ஓடிட்டு இருக்கு. கட்டிலை ஜன்னல் பக்கமா திருப்புங்க, வழி கிடைக்கும்."

கையை எடுக்கச் சொன்ன பெரியவள், வாண்டுவின் அக்கா, பள்ளி பஸ் ஓட்டுகிறவள். எந்த இடுக்கில் எது திரும்பும் என்று அவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே கையை எடுத்தார். இத்தனைக்கும் அந்த டப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டியவளே அவள்தான். இடத்தை அடைக்கிறது, தூசி சேர்க்கிறது என்று தங்கையோடு போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

கை நடுங்குகிறவர்கள் ஒரு எழுத்தை அழுத்தினால் திரையில் நாலு விழும். எழுதும் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு, அந்த நாலை ஒன்றாக்கித் தரும் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷனை வாண்டு எழுதியிருந்தாள். முதலில் அப்பாவுக்காக. பிறகு எங்கெங்கோ இருந்தவர்களுக்காக, இலவசமாக. அந்த மென்பொருளுக்கு அடிக்கடி புது வெர்ஷன் வரும். புதுசு பழைய கணினிகளில் ஏறாது. ஏறினாலும் பொத்தான்கள் இடம் மாறிவிடும், பழகிய நடுங்கும் கை திண்டாடிப் போகும். அதனால் எக்ஸ்டென்ஷனில் எதை மாற்றினாலும் பழைய வெர்ஷனோடும் ஒத்துப்போகிறதா என்று இந்த டப்பாவில் போட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவாள். நோய் முற்றி உட்கார முடியாமல் போனதும் கட்டிலை மேசைக்குப் பக்கத்தில் போடச் சொன்னாள். அப்படி ஒரு பிடிவாதம்.

பத்து வந்து சேர்ந்தான். வாண்டுவோடு சேர்ந்து அந்த எக்ஸ்டென்ஷனை எழுதுகிறவன். அசல் பெயர் வேறு. அந்த மென்பொருளின் பத்தாவது வெர்ஷன் வந்தபோது, இவன் எழுதி வைத்திருந்த ஒரு வரி முதல் இலக்கமான ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, பத்து ஒன்பதைவிடப் பழசு என்று முடிவு கட்டியது. அன்று முழுக்க எல்லாருக்கும் எழுத்து நாலு நாலாகக் கொட்டியது. அதற்கு வாண்டு கொடுத்த பட்டம்தான் பத்து. நல்ல பையன். அழுது முகம் வீங்கியிருந்தது.

பெரியவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, மென்று விழுங்கி விஷயத்துக்கு வந்தான். இன்று சாயங்காலம் எக்ஸ்டென்ஷனின் புது ரிலீஸ். வாண்டுவின் பெயரையே அதற்கு வைக்கப் போகிறார்கள். திறந்ததும் அவள் படம் வரும். வீட்டில் ஒருவர் சரி என்றால் போதும். பெரியவள் தலையாட்டத்தான் போனாள்.

"டப்பாவுல போட்டுப் பாத்தியா?"

பத்து தரையைப் பார்த்தான். பழைய வெர்ஷனுக்கான பகுதியை எடுத்துவிட்டதாகச் சொன்னான். எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுத வேண்டியிருக்கிறது, பாதிச் சுமையை வாண்டு இழுத்தாள், இனி ஒற்றை ஆளால் முடியாது, பழசில் இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அப்பாவுக்கு வேண்டுமானால் புதுக் கணினி நானே வாங்கித் தருகிறேன் என்றான். ஒன்றும் பொய்யில்லை. அதனால்தான் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் ஒருநாள் தங்கையிடம் இதையேதான் சொன்னாள், ஒரு புதுசு வாங்கினால் தீர்ந்தது என்று. "புதுசு வாங்க முடியறவங்க எங்கிட்ட எதுக்குக்கா வரப்போறாங்க?" என்று கேட்டுவிட்டு வாண்டு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாண்டு பேரில் வேண்டாம்."

"மரியாதைக்குத்தான் அக்கா…"

"இத்தனை மாசமா எதைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாளோ அதை வெட்டிட்டு, வெட்டின இடத்துல அவ படத்தை ஒட்டுவியா? அவ பேர் வேணும்னா அவ வேலையையும் சேர்த்து எடுத்துக்கோ. வேலை வேண்டாம்னா பேரைத் தொடாத."

"யார் செய்யறது அக்கா? எனக்கும் குடும்பம் இருக்கு."

"எனக்கு பஸ் ஓட்டத்தான் தெரியும். உன்னால முடியலைன்னா உன் பேரை வெச்சு விடு. பத்துன்னு போடு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியிலேயே அது அழுகையாகிப் போனது. பெரியவள் தேற்றவில்லை. தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. பெரியவள் இறங்கிப் போய், தானும் வண்டி ஓட்டுகிறவள்தான், கொஞ்சம் நின்றால் டயர் ஒன்றும் தேய்ந்துவிடாது என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

திரும்பி வந்தபோது, கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே நாற்காலி போட்டு பத்து உட்கார்ந்திருந்தான். எடுத்துவிட்ட பகுதியைத் தன் லேப்டாப்பில் திரும்பச் சேர்த்து, டப்பாவுக்கு மாற்றினான். டப்பா ஆற அமர யோசித்துவிட்டு, முடியாது என்றது. ஒரு வரியைத் திருத்தி மறுபடி மாற்றினான். சாவு வீட்டில் இதென்ன கூத்து என்று சித்தப்பா எல்லாருக்கும் கேட்கும்படி அலுத்துக்கொண்டார். பெரியவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இந்தத் தடவை ஓடிடும். அடுத்த தடவைக்கு என்னால வாக்குக் கொடுக்க முடியாதுக்கா."

"அடுத்த தடவையும் இங்க வந்து இது முன்னாடி உட்காரு. உட்கார்ந்துட்டு முடியாதுன்னு சொல்லு."

ரிலீஸுக்கு முன் கடைசியாக அடித்துப் பார்க்கிறவர் அப்பா. அவர் எப்போதும் அடிப்பது ஒரே வார்த்தைதான். காலையிலிருந்து மூலையில், இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்கார வைத்தாள்.

"அடிங்கப்பா."

அவர் கட்டிலைப் பார்க்கவில்லை. விசைகள்மேல் கை படபடத்தது. கடைசி விசையை அழுத்தியவர் விரலை எடுக்கவில்லை. அது அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. திரையில் வாண்டு என்று மட்டும் இருந்தது.