வெளியேறிய தேதி

பாரதி ஒன்பது வயதில் பனித்தளத்தில் இறங்கினாள். துபாயில் வெளியே நாற்பத்தைந்து டிகிரி. உள்ளே பிள்ளைகளின் வாயிலிருந்து புகை வந்தது. என் அலுவலகத்துக் கனடாக்காரர் டக், வெள்ளிக்கிழமைகளில் பையன்களுக்கு ஐஸ் ஹாக்கி சொல்லிக்கொடுத்தார். வேடிக்கை பார்க்கத்தான் அவளைக் கூட்டிப்போனேன். பதினைந்து வயதில் அந்தப் பையன்கள் அணியில் அதிக கோல் போட்டவள் அவள்தான். ஒருமுறை அபுதாபி அணி, அவளை உட்கார வைத்தால்தான் ஆடுவோம் என்றது.

"பயந்துட்டாங்கப்பா," என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தாள்.

தொண்ணூற்றேழில் பிளஸ் ஒன்னுக்கு அவளைத் திருச்சியில் சேர்த்தேன். எஞ்சினியரிங் சீட்டுக்கு அதுதான் நல்லது என்று நானே முடிவு செய்தேன். துணைக்கு அவள் அம்மா வசந்தகுமாரியும் போனாள். பாரதி ஒன்றுதான் கேட்டாள்.

"ஜனவரி ரெண்டாந்தேதி நான் இங்க இருக்கணும். ப்ராமிஸ் பண்ணுங்க."

டக் எழுதிய கடிதத்தை நம்பி, கனடாவின் ஒரு பள்ளியிலிருந்து பயிற்சியாளர் அம்மாள் அன்று வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் அங்கே பெண்கள் அணியில் இடம், படிப்பு இலவசம். வெளிநாட்டுப் பிள்ளைக்கு இருந்தது ஒரே இடம்.

ஊரில் படிக்கும் பிள்ளையை ஆறு மாதத்துக்குள் ஒருமுறை இங்கே கூட்டிவந்து விசாவை உயிரோடு வைத்திருப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அவர்கள் சென்னையில் இறங்கியது ஜூலை ஒன்று. டிசம்பர் முப்பதில் என் அண்ணன் மகள் கல்யாணம். முப்பத்தொன்றுக்கு டிக்கெட் எடுத்தேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துடறோமே," என்றாள் வசந்தகுமாரி.

"அண்ணன் என்ன நெனைப்பார்? விசாவுக்கு நாள் எண்ணிப் பார்த்துட்டேன். முடிச்சுட்டே வாங்க."

முப்பத்தொன்றாம் தேதி சென்னை விமான நிலையத்திலிருந்து வசந்தகுமாரியின் போன் வந்தது.

"உள்ள விடமாட்டேங்கறாங்க. விசா நேத்தோட முடிஞ்சுபோச்சாம்."

"ஜூலை ஒண்ணுதானே போனீங்க?"

"துபாய் முத்திரையில ஜூன் முப்பதுன்னு காட்டறாங்க."

துபாயிலிருந்து விமானம் கிளம்பியது ஜூன் முப்பதாம் தேதி இரவு பத்தரைக்கு; சென்னையில் இறங்கும்போதுதான் ஜூலை ஒன்று. ஏற்றிவிட்டதே நான்தான்.

பாரதி போனை வாங்கினாள். "என்னப்பா ஆச்சு?"

"ரூலை மாத்திட்டாங்கம்மா. யாருக்கும் சொல்லல."

போனில் யாரோ ஒரு விமானத்தை அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் தேதி நான் மட்டும் பனித்தளத்துக்குப் போனேன். அந்த அம்மாள் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். டக் என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தேன். பையன்கள் ஆடுவதை இருபது நிமிடம் மரியாதைக்குப் பார்த்துவிட்டு அவர் எழுந்தார். நோட்டைத் திறக்கவே இல்லை.

புது விசா எடுத்து, பரீட்சை முடிந்து ஏப்ரலில்தான் பாரதி வந்தாள். விமான நிலையத்திலிருந்து வரும்போது காரில் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் நின்றாள். வெளியேறிய முத்திரையும் இறங்கிய முத்திரையும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டின் மேலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பிறகு மூடினாள். இரண்டு சிக்னல் தாண்டியதும் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை ஐஸுக்குப் போலாமா?"

"ஷூ காலுக்குப் பத்தாதுப்பா," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

போன மே மாதம் வாங்கிய ஷூ. வளரும் கால் என்று ஓரளவு பெரிதாகத்தான் வாங்கியிருந்தேன்.