பௌர்ணமிக்கு முந்தின நாள்

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. கொத்தமங்கலத்துப் பொன்னுத்தாயி ஒரு மத்தியானம் முழுக்க உசிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஓடின கதையைச் சொல்றேன்.

தொண்ணூத்து நாலாம் வருசம். அவள் புருசன் குழந்தைவேலு ரெண்டு வருசமாய் நிரந்தர வேலைக்கு அலைந்தவன். சிவகங்கையில் ஒரு நூல் மில்லில் டிரைவர் வேலை வந்தது. சம்மதக் கடிதத்தை ஒரு ‘ஃபோர்ட்நைட்’டுக்குள் ஆபீசில் சேர்க்கணுமாம். அப்படியென்றால் ஒரு பட்சம், அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரைக்கும் என்று யாரோ சொன்னார்கள். வேலை உத்தரவில் போட்டிருந்த தேதி அமாவாசை. பௌர்ணமியன்று கொடுத்தால் விளங்கும் என்று, கையெழுத்துப் போட்டு மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கடியில் வைத்துவிட்டு, தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப் போய்விட்டான்.

பௌர்ணமிக்கு முதல் நாள் மத்தியானம் முறுக்கு அச்சு கேட்டு வந்தாள் பக்கத்து வீட்டு ஞானபூரணி டீச்சர். பொன்னுத்தாயி சந்தோசமாய்க் காட்டிய உத்தரவை வாங்கிப் பார்த்தவள் விரல்விட்டு எண்ணினாள்.

“ஏத்தா, வீக்குன்னா ஏழு நாளு. ஃபோர்ட்நைட்டுன்னா ரெண்டு வீக்கு, பதினாலு. இன்னைக்குத்தான் கடைசி! அஞ்சு மணிக்குப் பூட்டிருவாகளே.”

“பௌர்ணமி நாளைக்குத்தானே டீச்சர்?”

“மில்லுக்காரன் நிலாவைப் பாத்தா எழுதுனான்? கிளம்பு!”

தனியாகச் சிவகங்கைக்குப் போனதே இல்லை அவள். கடிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள். நாட்டரசன்கோட்டை தாண்டி டயர் வெடித்தது.

“டென் மினிட்ஸ்!” என்றார் கண்டக்டர்.

அவள் எழுந்து அவரிடம் போனாள். “அது எத்தனை நிமிசம்ணே?”

பஸ்ஸே சிரித்தது. “பத்துதான்த்தா, கூடவா குடுப்பாக?” என்றான் ஒருத்தன்.

பத்து போய் இருபதும் போயிற்று. டயர் கழன்றபாடில்லை. இந்த வார்த்தையையும் நம்பக் கூடாது என்று இறங்கி நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. பின்னால் வந்த பால்வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம், ‘அவுக வந்து கேட்டா என்ன சொல்லுவேன்’ என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

ஆபீஸ் கிளார்க் மெய்யநாதன் கையில் பூட்டோடு நின்றார். “நாளைக்கு வாங்களேம்மா.”

“நாளைக்குன்னா இது வெறுங் காயிதம்னு சொன்னாகய்யா.” ரவிக்கைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

அவர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். அஞ்சாக மூணு நிமிசம். முனகிக்கொண்டே உள்ளே போய் முத்திரை குத்தினார். “அடுத்த ஆளுக்கு உத்தரவு டைப் அடிச்சு வச்சிட்டேன். இனி அதைக் கிழிக்கணும்” என்றார்.

அந்தக் காகிதம் கிழிபட்ட சத்தம் கேட்ட பிறகுதான் பொன்னுத்தாயிக்கு மூச்சு வந்தது. வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

உங்க வீட்டிலே, கண்ணுகளா, வெளியே போனவுக நேரத்துக்கு வந்து சேரட்டும், உலை பொங்கட்டும், யாரும் இப்படிப் பதறி ஓடாமல் எல்லாரும் நல்லா இருங்க.