குதிரைக்குக் கீழே

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கல்முனையின் ஓடுகளையும் தகரங்களையும் பிடுங்கிக்கொண்டு போனபோதும், கனகசபாபதியின் பழைய நெல் ஸ்டோர் முகப்பில் நின்ற சீமெந்துக் குதிரை அசையவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் குதிரை. வாசலுக்கு நேர்மேலே, முன்னங்கால்களைத் தெருப்பக்கம் தூக்கி, தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கூரை போன கட்டடத்தைக் கனகசபாபதி விற்றார். அப்துல் ஹமீட் வாங்கிப் புடைவைக் கடையாக மாற்றினார். மேல்மாடியில் தொழுவதற்கு ஓர் அறையும் ஒதுக்கினார். வில்லங்கம் அங்கேதான் பிறந்தது.

தொழுகிற இடத்தில் உருவச் சிலையா? மலக்குகள், அந்த வானவர்கள், எப்படி வருவார்கள்? கட்டட வேலையை வேடிக்கை பார்க்க வந்த ஊரார் எல்லோரும் அண்ணாந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு கல்லைத் தூக்கிக் கொடுத்தவர் எவருமில்லை.

ஹமீட் உடைக்க முடிவெடுத்தார். அவருடைய மனைவி சுபைறா அன்று அடுப்பே மூட்டவில்லை.

"அந்தக் குதிரைய உடைச்சா நான் கடைப்படி மிதிக்கமாட்டன்."

"சீமெந்துக்குப் போய் இப்பிடிக் கத்துறியே, புள்ள!"

சுபைறாவின் வாப்பா பக்கீர் முகைதீன் சவளக்கடை என்ற ஊரில் வேளாண்மை செய்தவர். அறுவடை முடிந்தால் நெல் மூட்டைகளோடு மகளையும் வண்டியில் ஏற்றிவருவார். நெல் நிறுத்து முடியும்வரை அவளைக் குதிரைக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போவார். "குதிர ஒன்னப் பாத்துக்கும் மகள், அசையாத" என்பார். திரும்பி வரும்போது கையில் அவளுக்குத் தொதல் இனிப்பு இருக்கும். அவர் மௌத்தாகி வெகுகாலம். படம் பிடிக்க விடாத மனிதர், ஒரு போட்டோகூட இல்லை. அவளுக்கு மிஞ்சியது அந்தக் குதிரைதான்.

ஹமீட் மார்க்கம் கேட்கப் பள்ளிவாசல் லெப்பையிடம் ஓடினார். தலை இல்லாவிட்டால் அது உயிருள்ளதன் உருவமாகாது, மரம் மாதிரி என்றார் லெப்பை. மனிதர் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார்.

"தலைய மட்டும் எடுத்தாப் போதுமாம்! மிச்சமெல்லாம் ஒனக்குத்தான்."

அவள் மகிழ்ந்துபோவாள் என்று நினைத்த அந்த அப்பாவியை என்ன சொல்ல!

"பாத்துக்கிற குதிர. கண்ணில்லாம எப்பிடிப் பாக்கும்?" என்று சுபைறா அழுதாள்.

மேசன் முத்தலிப் தலையை எடுத்து, கழுத்தைப் பூசிவிட்டார். அதன் பிறகு பஸ்ஸில் அவ்வழியே போனால் சுபைறா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள்.

கடை திறக்கும் நாளில் வராமல் இருக்க முடியவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடியே வந்தாள். வாசலில் ஆண்கள் கூட்டம். ஒதுங்கிச் சுவரோடு சாய்ந்தாள். மேலே குருவிக்குஞ்சுகள் கத்தின. தன்னை மறந்து அண்ணாந்தாள்.

குதிரையின் வயிறு தெரிந்தது. தூக்கிய குளம்புகள் தெரிந்தன. இடையில் குருவிக்கூடு. தலையில்லாத இடத்தைத் தேடினாள், வயிறு மறைத்தது. அப்போதுதான் உறைத்தது. சிறுவயதில் இங்கே நின்றபோதும் அந்த முகத்தை அவள் கண்டதில்லை. அது, அவள் வளர்ந்த பிறகு பஸ்ஸிலிருந்து பார்த்த முகம். தொதலுக்காகக் காத்து நின்றவள் பார்த்தது இந்த வயிற்றையும் இந்தக் குளம்புகளையும்தான்.

ஹமீட் பயந்து பயந்து பக்கத்தில் வந்தார். "கோவமா?"

"இல்ல. குதிர முழுசாத்தான் இரிக்கி."

அவருக்கு விளங்கவில்லை. "அப்ப உள்ள வாவன்."

"நீங்க போங்க. கொஞ்சம் நிண்டுட்டு வாறன்."

குதிரைக்கு ஒரு குறையுமில்லை. வாப்பாதான் இன்னும் வரவில்லை. சுபைறா அசையாமல் நின்றாள்.