கமலம் சொன்ன சாட்சி

கமலம் சாட்சி சொல்ல எழுந்தபோது அவள் புருஷன் சூசைராஜ் சபையின் கடைசிப் பாயில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலோரம் இடம் பிடித்தால் பிரசங்கம் நீளும்போது பீடிக்கு நழுவலாம் என்பது அவர் பழக்கம். மெட்டுகூடா மாதா கோயில் பூசையிலும் அவருக்கு எப்போதும் அதே இடந்தான். கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் தலையைக் காட்டுவார். ஆயுத பூஜையன்று ரயில்வே பட்டறையில் தன் லேத் மெஷினுக்குச் சந்தனம் வைத்துச் சுண்டலும் வாங்கித் தின்பார். சாமி விஷயத்தில் அவர் யாரோடும் சண்டை போட்டதில்லை. யாரோடும் ஒட்டிக்கொண்டதும் இல்லை.

கமலம் அப்படியில்லை. ரயில்வே ஸ்டிரைக் முடிந்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்து லாலாகூடாவில் இந்தச் சபைக்கு வந்தாள். வந்தவள் ஒரேயடியாக வந்தாள். மூக்குத்தி, கம்மல், தாலிச்செயின் எல்லாம் கழன்றன. சுவரிலிருந்த மாதா படத்தை அவள் இறக்கி வைக்க, அவர் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். கடைசியில் மருந்தும் போயிற்று. இந்தச் சபையில் முழு விசுவாசத்துக்கு வந்தவர்கள் மாத்திரை தொடுவதில்லை. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருந்தால் சூசைராஜுக்குச் சண்டை போடவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

"சர்க்கரை முத்திப்போச்சு, காலை எடுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க" என்றாள் கமலம். "நான் ஒரு மாத்திரை தொடல. கர்த்தர் தொட்டார்." புடவையை லேசாகத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். மாதக்கணக்காகச் சீழ் வடிந்த இடத்தில் புதுத்தோல் பளபளத்தது. "அது மட்டுமில்ல. அடுப்படிப் பக்கமே வராத எங்க வீட்டுக்காரர், காலையில நான் ஜெபத்தில இருக்கையில தன் கையால கஞ்சி காய்ச்சித் தர்றார். அவரையும் கர்த்தர் தொட்டுட்டார்."

சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. சூசைராஜ் குனிந்து செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கர்த்தர் தொட்டாரோ என்னவோ, தினமும் கஞ்சியைத் தொட்டது சூசைராஜ்தான். டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய சர்க்கரை மாத்திரையைப் பட்டறையில் பொடித்து, பொட்டலம் கட்டி, கேழ்வரகுக் கஞ்சியில் மோரும் உப்பும் போட்டுக் கலக்கிக் கொடுத்துவந்தார். தெரிந்து தின்றால்தானே பாவம், தெரியாமல் உள்ளே போனால் ஆண்டவரும் கண்டுகொள்ள மாட்டார் என்று அவருக்கு ஒரு நியாயம். பெண்டாட்டியின் கால் தப்பியது. அவளுக்கும் சந்தோஷம், அவள் கர்த்தருக்கும் நல்ல பெயர். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தார்.

நஷ்டம் பக்கத்து வீட்டில் இருந்தது. அடுத்த குவார்ட்டர்ஸில் தனியாக இருந்த தாயம்மாள் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு நடமாடுகிறவள். அவளும் சபைக்காரிதான், ஆனாலும் ஊசியை மட்டும் விட முடியாமல் ஒளித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கமலத்தின் சாட்சியைக் கேட்டு அன்று அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

அந்த வாரமே ஒரு நாள் கமலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொன்னாள். "தாயம்மா ஊசியை விட்டுட்டா. என் காலைப் பாத்துத்தான் தைரியம் வந்துச்சாம்."

சூசைராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார். தாயம்மாள் கட்டிலில் சாய்ந்து டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கண் குழிவிழுந்திருந்தது. மூச்சில் அழுகின பழ வாசனை வந்தது.

"தாயம்மா, ஊசியைப் போட்டுக்க."

"நக்கோ அண்ணே, வேணாம். இன்னும் எதுக்கு ஊசி? ஒங்க வீட்டுலயே கண்ணால பாத்துட்டேனே."

வேறு வழியில்லை. கஞ்சி விஷயம் முழுவதையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் சிரித்தாள்.

"பூசை நடக்கையில பீடி குடிக்க எந்திரிச்சுப் போற ஆளு அண்ணே நீங்க. ஒங்க பேச்ச நம்பறதா, கமலம் பேச்ச நம்பறதா? சாத்தான் ஒங்க வாயில பேசறான்."

"மாதா சத்தியமா சொல்றேன்மா."

"எந்த மாதா? பட்டறை அலமாரில வச்சுப் பூட்டினீங்களே, அவங்களா?"

சூசைராஜ் பொய் சொன்னபோதெல்லாம் ஊர் நம்பிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாமி பேரைச் சொல்லி நிஜம் பேசினால் கேட்க நாதியில்லை. இவளைப் பிடித்து உலுக்கலாம், ஊசியை யார் போடுவது? கமலம் ஒருத்தி சொன்னால் கேட்பாள். ஆனால் கமலத்திடம் யார் சொல்வது? இருதலைக் கொள்ளி எறும்பாகத் தாயம்மாள் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். உள்ளேயிருந்து இன்னொரு டம்ளர் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. வீட்டுக்குத் திரும்பினார்.

கமலம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டுக் கத்தவில்லை, அழவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"கஞ்சியில கலந்தது, புண்ணு ஆறத் தொடங்கினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"மாத்திரையைக் காட்டுங்க."

பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அவற்றை வாங்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"தாயம்மா, நான் சொன்ன சாட்சி பொய்" என்றாள் கமலம். "தெரியாம சொன்னேன். ஆனாலும் பொய்தான். இந்தா, இதுதான் என் காலை ஆத்தினது. நீ நம்பினது கர்த்தரை இல்ல, என் காலை. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

தாயம்மாள் பொட்டலத்தையும் கமலத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். ஆனால் எழுந்தாள். ரிக்‌ஷாவில் ஏற்றும்போதே நினைவு தப்பிவிட்டது. ரெண்டு நாள் அல்லாடி, பிழைத்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கமலம் சபையில் மறுபடி எழுந்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். புருஷன் மேல் பழி போடாமல், தன் வாயால் பொய்ச்சாட்சி வந்தது என்று மட்டும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். ஒரு ஸ்தோத்திரமும் எழவில்லை. முன்வரிசைப் பெண்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சூசைராஜ் பீடிக்குப் போகவில்லை. போயிருந்தால் அந்த முகங்களைப் பார்க்காமலாவது இருந்திருக்கலாம்.

இதோடு கமலத்துக்குப் பைத்தியம் தெளிந்துவிடும், மருந்து தின்ன ஆரம்பித்துவிடுவாள் என்றுதான் அவர் நம்பினார். மறுநாள் விடியற்காலையில் எழுந்து அடுப்படிக்குப் போனால் அவள் தன் கஞ்சியைத் தானே காய்ச்சி வைத்திருந்தாள். அவர் ஒரு மாத்திரையை, இந்தத் தடவை முழுசாக, தட்டில் பகிரங்கமாக வைத்தார். அவள் கஞ்சியைக் குடித்துவிட்டு மாத்திரையைத் தட்டிலேயே விட்டாள். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான்.

மழை பிடித்த சமயத்தில் அந்தப் பளபளத்த தோல் ஓரத்தில் லேசாக வெடித்தது. ஈரம் கசிந்தது. அவள் தட்டிலேயே விட்ட மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு சூசைராஜ் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மாத்திரைதான் ஆத்திச்சின்னு ஒனக்கே தெரிஞ்சுபோச்சு. இன்னும் என்ன கமலம்?"

"ஆத்துவார்ங்கிறதுக்காகவா அவரை நம்பினேன்? ஆத்தலன்னாலும் அவர்தாங்க எனக்கு."

"எனக்காகக்கூட முழுங்கக் கூடாதா?"

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

"உங்களுக்காக வேற எது வேணும்னாலும் கேளுங்க" என்றாள். "வாங்க, ஜெபம் பண்ணலாம்."

முழங்காலிட்டாள். புண்கால் தரையில் படாமல் ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டாள். சூசைராஜும் பக்கத்தில் மண்டியிட்டார். சின்ன வயசில் மனப்பாடம் செய்த செபம் பாதியில் நின்றுபோயிற்று. காலைக் காப்பாற்று என்று கேட்கலாம் என்றால், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் வாசலோரமே இருந்துவிட்ட மனுஷனுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

கமலம் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்தாள். தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்க வீட்டுக்காரருக்கு விசுவாசத்தைத் தாரும் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். வேலைக்குக் கூப்பிடும் பட்டறைச் சங்கு ஊதியது. சூசைராஜ் மாத்திரையைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு, அவள் முடிக்கிறவரை எழுந்திருக்காமல் இருந்தார்.