ஏணி பிடிக்கும் தண்டனை

கோர்ட்டில் அவருக்கு 'ஓட்டை வக்கீல்' என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவரோ அதைப் பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்ட இளவட்டங்களின் வழக்கென்றால் நேராக அவரிடம்தான் வரும். போலீஸ்காரர் ஒரு கையெழுத்தை விட்டிருப்பார், சோதனை செய்த நேரம் தாளுக்குத் தாள் மாறியிருக்கும். எங்கேயாவது ஓர் ஓட்டை அகப்படும். அதன் வழியாகப் பையனை அலுங்காமல் குலுங்காமல் வெளியே இழுத்துவந்து பெற்றவர்கள் கையில் ஒப்படைத்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு, சொந்த அக்கா மகளே பிடிபட்டாள் என்ற செய்தி வந்தபோது வருத்தத்தைவிட நம்பிக்கைதான் அதிகம் இருந்தது. "அழாதேக்கா. இதெல்லாம் எனக்குத் தூசு," என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். அவள் லிஃப்ட் மெக்கானிக். இருபத்து மூன்று வயதுக்குள் நகரத்தின் பாதிக் கட்டடங்களின் உச்சி வரை ஏறி, இயந்திர அறையில் கிரீஸும் கையுமாக உட்கார்ந்து பார்த்தவள். சிநேகிதியின் கல்யாண விருந்தில் ஒரு கிளாஸ் என்று ஆரம்பித்து மூன்றோ நான்கோ ஆகிவிட்டது. வெயில் தாழுமுன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். திருப்பம் ஒன்றில் வண்டி நடைபாதைமேல் ஏறிவிட்டது. அங்கே தெருவிளக்கு மாற்றிக்கொண்டிருந்த வயர்மேனின் ஏணியில் மோதி அதைத் தூக்கியெறிந்தது. மனிதர் விளக்கு தொங்கும் இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கினார். அவள் இறங்கி ஓடி, ஏணியை நிமிர்த்திச் சாத்தி, தோளைக் கொடுத்து நின்றாள். அவர் கீழே வந்தார். நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு கீறல்கூட இல்லை. எதிர்க்கடைக்காரர் போலீஸுக்குப் போன் செய்தார். போலீஸ் வந்து ஊதச் சொன்னது, ஊதினாள்.

இரண்டாம் நாள் வக்கீல் அக்காவின் கண்ணாடிக் கடைக்கு வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மகளோடு சேர்ந்து மூவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். சுவர் முழுக்க ஆளில்லாத மூக்குக்கண்ணாடிகள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா ஒரு ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கெடைச்சிடுச்சு," என்றார் வக்கீல். முகமெல்லாம் பல். "ஊதற மெஷினை வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்க்கணும். இந்த மெஷினோட தேதி முடிஞ்சு போச்சு. கேஸ் நிக்காது. பாப்பா வாயையே திறக்க வேண்டாம்."

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "நல்லா இருப்படா தம்பி."

"மாமா," என்றாள் அவள். "அது வேண்டாம்."

"எது வேண்டாம்?"

"அந்த ஓட்டை."

வக்கீல் சிரித்தார். "ஏம்மா, நீயே சொல்லு. சோதனைத் தேதி முடிஞ்ச லிஃப்ட்டை நீ ஓட விடுவியா? ஓனர் காலைப் பிடிச்சாலும் 'ஓடாது'ன்னு போர்டு மாட்டிட்டுத்தானே வருவ? அதே நியாயம்தான் இதுக்கும்."

"சரிதான் மாமா. மெஷினை நம்பாதீங்க. என்னை நம்புங்க. நான் குடிச்சிருந்தேன்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேடி!" என்றாள் அம்மா. "அந்த மனுஷன் நல்லாத்தானே இருக்காரு?"

"அவர் கெட்டியா பிடிச்சதால நல்லா இருக்காரும்மா. அதுல என் சமர்த்து என்ன இருக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நகக்கண்ணில் இருந்த கிரீஸைக் கட்டைவிரலால் சுரண்டினாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "ஒண்ணு சொல்லணும். ஏணி விழுந்ததும் நான் உடனே இறங்கல. ரிவர்ஸ் போடத்தான் கை போச்சு. ஓடிடலாம்னுதான் முதல்ல நெனச்சேன். மேல தொங்கறவர் காலைப் பார்த்தேன். ஒரு கால்ல செருப்பு இல்ல. அப்புறம்தான் இறங்கினேன். இதை யாரும் பார்க்கல. நான் சொல்லாட்டி யாருக்கும் தெரியவும் தெரியாது."

ஃபிரேமைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"இப்போ தப்பிச்சேன்னு வைங்க மாமா, அடுத்த தடவை அந்தக் கை இன்னும் வேகமாப் போகும். எனக்கு என் கையைத் தெரியும்."

வக்கீல் வழக்குத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். அக்கா எழுந்து, "வேலை போகும், பேர் போகும், போ, போய் நில்லு," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு பல மாதம் மகளோடு பேச்சில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டு மட்டும் வேளை தவறாமல் மூடிவைக்கப்பட்டிருக்கும்.

விசாரணை நாளன்று மாஜிஸ்திரேட் அம்மாள் வக்கீலைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார். "என்ன வக்கீல் சார், இன்னைக்கு எங்கே ஓட்டை?"

"ஓட்டை இருக்குங்க மேடம். ஆனா என் கட்சிக்காரர் அதுல நுழைய மாட்டேங்கறாங்க."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அவள் எழுந்து நின்றதும் அடங்கிவிட்டது. குடித்ததை ஒத்துக்கொண்டாள். ரிவர்ஸ் கியரைப் பற்றியும் சொன்னாள். அதைச் சொல்ல வேண்டாம் என்று வாசலில் வைத்துக்கூட வக்கீல் கெஞ்சியிருந்தார். குரல் நடுங்கியது, ஆனால் ஒரு வார்த்தையை விழுங்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த வக்கீல் அவளை நிமிர்ந்து பார்த்தார். தூக்கி வளர்த்த குழந்தை. எப்போது இவ்வளவு உயரம் வளர்ந்தாள்?

மாஜிஸ்திரேட் சாட்சிக் கூண்டில் இருந்த வயர்மேனைக் கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்க?"

வயர்மேனுக்கு ஐம்பதை ஒட்டிய வயது, எப்போதும் அழுமூஞ்சி. "நான் சொல்ல என்னங்க இருக்கு? இந்தப் பொண்ணை ஜெயில்ல போட்டா என் ராத்தூக்கம் திரும்பி வரப்போகுதா? அபராதம் கட்டினா அது உங்க பெட்டிக்குப் போகும். ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் குடுங்கன்னு ஆபீஸ்ல கேட்டுக் கேட்டு என் வாய் வலிச்சுப் போச்சு. ஆள் இருந்திருந்தா வண்டி வருதுன்னு கத்தியாவது இருப்பான். இந்தப் பொண்ணையே வந்து பிடிக்கச் சொல்லுங்களேன்!"

எரிச்சலில் சொன்னதுதான். மறுபடியும் சிரிப்பு. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு தீர்ப்பைச் சொன்னார்: இரண்டு வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது. சட்டப்படி அபராதம் உண்டு. அதோடு ஆறு மாதம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், விளக்கு பழுதுபார்க்கும் இடத்தில் இந்த வயர்மேனின் ஏணியைப் பிடிக்க வேண்டும்.

வயர்மேனின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அம்மா, நான் சும்மாதான் சொன்னேன்!"

வண்டி ஓட்ட முடியாத மெக்கானிக்கைக் கம்பெனி அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. வெளிவேலையிலிருந்து எடுத்து, ஒரே ஒரு ஆஸ்பத்திரியின் பழைய லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் சின்ன வேலைக்குத் தள்ளியது. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். கொண்டுவிடுகிறேன் என்று மாமா ஒருநாள் காரை நிறுத்தினார். "லைசென்ஸ் எனக்குத்தானே போச்சு, உங்களுக்கு எதுக்கு டிரைவர் வேலை?" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

முதல் ஞாயிறு அவர் தெரு முனையில் ஒளிந்து நின்று பார்த்தார். அவள் ஏணியைப் பிடித்தபடி நின்றாள். வயர்மேன் ஏணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகத்தை அருகே கொண்டுபோய் வெளிப்படையாக மூச்சை மோந்தே பார்த்தார். அவள் வாயைத் திறந்து ஊதிக் காட்டினாள். இரண்டு படி ஏறினார்; இறங்கிவிட்டார். "இன்னைக்கு முடியாது, எனக்குக் கால் வரல." அன்று முழுக்க ஒரு விளக்கும் எரியவில்லை. அவள் கோபப்படவில்லை, மன்னிப்பும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சாயங்காலம் வரை ஏணி பக்கத்திலேயே நின்றுவிட்டுப் போனாள்.

மறுவாரம் வேலைக்குக் கொண்டுபோகும் இடுப்புப் பட்டையும் கயிறும் எடுத்து வந்தாள். "இதை மாட்டிக்கிட்டு ஏறுங்கண்ணே. நான் விட்டாலும் இது விடாது." அவர் முனகிக்கொண்டே மாட்டினார். பாதி வரை ஏறினார். அதற்கடுத்த வாரம் உச்சிக்கே போனார். மழை தூறிய ஒரு ஞாயிறு அவள் காய்ச்சலோடு வந்து நின்றாள். போ போ என்று அவரே விரட்டியும் போகவில்லை. கடைசியில் இருவரும் ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கிச் சளைக்காமல் வாயடித்துக்கொண்டிருந்தார்கள், லிஃப்ட் உசத்தியா ஏணி உசத்தியா என்று.

கோர்ட் வராந்தாவில் மற்ற வக்கீல்கள் சும்மா விடுவார்களா? "என்ன சார், சொந்த அக்கா மகள் கேஸ்லயே மண்ணைக் கவ்விட்டீங்களாமே?"

"ஆமாப்பா," என்றார். "நல்லாக் கவ்வினேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டுக் கேட்டவன்தான் குழம்பிப்போனான்.

தண்டனையின் கடைசி ஞாயிறு அக்கா கடையைப் பூட்டிவிட்டு அவரோடு வந்தாள். மகள் கழுத்தை நிமிர்த்தி மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையும் ஏணியில். அம்மா வந்ததை அவள் கவனிக்கவே இல்லை. வயர்மேன் இறங்கிய பிறகுதான் திரும்பினாள். அக்கா முந்தானையால் மகளின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "உன் அப்பன் மாதிரியே பிடிவாதம்," என்றாள். அத்தனை மாதத்தில் அதுதான் முதல் பேச்சு.

வயர்மேன் வக்கீலைத் தனியாக அழைத்தார். "சார், அடுத்த வாரத்திலிருந்து எனக்கு ஏணிக்கு ஆள் இல்ல. உங்ககிட்டதான் நெறைய பசங்க வருவாங்களாமே? ஒருத்தனை இந்தப் பக்கம் அனுப்பி வைங்க."

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். பஸ் வந்தது, தாயும் மகளும் ஏறிப் போனார்கள். அவர் காரில் உட்கார்ந்தார், ஆனால் கிளப்பவில்லை. தான் வெளியே இழுத்துவிட்ட பையன்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்க முயன்றார். கெஞ்சிய தகப்பன்கள் நினைவுக்கு வந்தார்கள், அழுத தாய்மார்கள் வந்தார்கள். பையன்களில் ஒருவனுடைய முகம்கூட வரவில்லை.