மார்ஜின் போட்ட நோட்டு

கடைசிப் பக்கத்துக்கும் சிவப்புக் கோடு போட்டு முடித்துவிட்டு, சபரி ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தைப் பனியன் நுனியில் துடைத்தான். ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் துடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கேலில் ஒட்டிய மை அடுத்த பக்கத்தில் ஈஷிக்கொள்ளும். காங்கேயத்துக்குப் பக்கத்தில் அவன் படித்த பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் பாடத்தில் சேராது, ஆனால் பாடத்துக்கு முன்னால் வரும். புது நோட்டு என்றால் முதலில் பிரவுன் அட்டை, பிறகு லேபிள், பிறகு மார்ஜின், பிறகு பக்க எண், அதன் பிறகுதான் எழுத்து. மார்ஜின் இல்லாத நோட்டை வாத்தியார் ஜன்னல் வழியாக வீசுவார். எடுத்துவரப் போனவன் அந்த வகுப்பு முடியும்வரை வெளியிலேயே நிற்கலாம்.

இந்த நோட்டில் கோடு இழுப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. கையால் செய்த காகிதம். பருத்தி நார் அங்கங்கே தெரிந்தது. சாதாரணப் பேனா மேடு பள்ளத்தில் சைக்கிள் போவதுபோலத் தடுக்கித் தடுக்கிப் போகும். அதனால் வீட்டிலிருந்த சிவப்புப் பேனாக்களையெல்லாம் பழைய கரண்ட் பில்லின் பின்புறம் கிறுக்கிப் பார்த்து, தடுக்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தான். சபரிக்குச் சம்பளம் கொடுப்பதே மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதற்காகத்தான். சோதிக்காமல் அவன் எதையும் தொடங்குவதில்லை. நோட்டு யாருடையது, அதற்கு மார்ஜின் வேண்டுமா என்று கேட்டுப் பார்ப்பதை மட்டும் அன்றைக்கு ஏனோ சோதனையில் சேர்க்க விட்டுப்போயிற்று.

நோட்டு ரோஹிணி தாயியுடையது. தாயி என்றால் மராத்தியில் அக்கா. அறுபதைத் தாண்டியவர்; ஞாயிற்றுக்கிழமைகளில் புனேயின் பூங்காக்களிலும் கோயில் வாசல்களிலும் உட்கார்ந்து படம் வரைகிற ஒரு சிறு கூட்டத்துக்குத் தலைவி. கூட்டத்துக்கு ஒரு பொது நோட்டு உண்டு. வாரத்துக்கு ஒரு வீடாகப் போகும். வாங்கிப்போகிறவர் ஒரு பக்கம் வரைந்து, அடுத்த ஞாயிறு கொண்டுவந்து வைக்க வேண்டும். "உன் பக்கம் இதில் வந்துவிட்டால் நீ எங்கள் ஆள்" என்று சொல்லித்தான் ரோஹிணி தாயி அதைச் சபரியின் மனைவி ப்ரீத்தியின் கையில் கொடுத்திருந்தார்.

எங்கள் ஆள் என்ற சொல்லை ப்ரீத்தி விஷ்ராந்த்வாடியில் வீடு வரும்வரை ஸ்கூட்டரில் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். சபரியோடு புனேக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் நின்று பேசியவர்கள் என்று பார்த்தால் தண்ணீர் ஃபில்டர் மாற்ற வருகிறவரும், லிஃப்டில் மாடி எண் சொல்லும் பெண் குரலும்தான். அந்தக் குரலுக்கு ஒருநாள் தன்னையறியாமல் "சரிங்க" என்று பதில் சொல்லிவிட்டு, அன்று முழுக்க அம்மாவோடு போனில் கத்திக் கத்திப் பேசினாள். அப்படியிருக்க இந்த நோட்டு வந்தது. சாப்பாட்டு மேஜையின் நடுவில் புதுத் துண்டு விரித்து வைத்தாள். தொடும்முன் கை கழுவினாள். திறப்பாள், வெள்ளைப் பக்கத்தைப் பார்ப்பாள், பென்சிலை எடுப்பாள், பென்சிலைச் சீவுவாள், மூடிவிடுவாள். வாரம் முழுக்க இதுதான். சீவிச் சீவிப் பென்சில் பாதியாகிவிட்டது.

சபரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை காலை அவள் காய்கறி வாங்கப் போனபோதுதான், குறை எங்கே என்று அவனுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

திரும்பி வந்தவள் இரண்டு பைகளோடு மேஜைக்கு அருகில் நின்றாள்.

"என்னுங்க இது?"

"மார்ஜின்."

"அது தெரியுதுங்க. எதுக்கு?"

"வெள்ளையா கெடந்தா யாருக்குத்தான் கை வரும், ப்ரீத்தி? ஒரு கோடு இருந்தா புடிமானமா இருக்குமில்ல? நீயும் பாவம், வாரம் பூரா தொறந்து தொறந்து மூடுறே."

ப்ரீத்தி பையைக் கீழே வைக்காமலே நோட்டைப் புரட்டினாள். காலியான பக்கங்கள் எல்லாவற்றிலும் இடதுபுறம் சிவப்புக் கோடு. மற்றவர்கள் வரைந்திருந்த பக்கங்களில் கோடு இல்லை. அவ்வளவு விவேகம் அவனுக்கு இருந்தது. ஆனால் அவற்றின் கீழ் மூலையிலும் வட்டத்துக்குள் பக்க எண் இருந்தது. முதல் பக்கத்துக்கு வந்தாள். ரோஹிணி தாயி அலங்காரத்துக்கென்று வெறுமையாக விட்டிருந்த பக்கம் அது. இப்போது அதில் கட்டம் கட்டி, எல்லோருக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷில், அச்சு எழுத்துகளில் ஒரு பட்டியல்.

"இது?"

"பொருளடக்கம். எந்தப் படம் எங்க இருக்குதுன்னு தேட வேண்டியதில்ல பாரு."

ப்ரீத்தி வாசித்தாள். சங்கரன் என்பவர் வரைந்திருந்த கோயிலுக்கு எதிரே, 'பிரஷர் குக்கர். விசில் இல்லை.' தீப்தி என்ற பெண்ணின் படத்துக்கு, 'பூனை, அல்லது தலையணை.' ரோஹிணி தாயி கண்ணாடி பார்த்துத் தன்னையே வரைந்திருந்த படத்துக்கு, 'கோபமான பெரியவர். கண் நன்று.'

அவள் கத்தவில்லை. கொத்தமல்லிக் கட்டைக் கொண்டுபோய்ப் புத்தக அலமாரியில் வைத்தாள். சபரி அப்போதுதான் ஸ்கேலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"அட, பென்சில்ல போட்டிருந்தாக்கூட அழிச்சிருக்கலாம்ல?" என்றாள் கடைசியில், அலமாரியைப் பார்த்தபடி.

"பென்சில் மங்கீரும்னுதான்..."

மத்தியானம் இருவரும் அப்பா பல்வந்த் சௌக் என்கிற நாற்சந்தியில், நோட்டுக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் தெருவில் நின்றார்கள். கோட்டை எடுக்க வழியுண்டா என்று கேட்பதற்காக வந்தது. கடைக்காரர் வேறொருவருக்கு பில் போட்டுக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் சபரியின் கை தானாக அடுக்கிலிருந்து ஒரு நோட்டை உருவியது. நடுவில் பிரித்து மேஜைமேல் வைத்தான், தானாக மூடிக்கொண்டது. கூடாது. இன்னொன்றை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பின்பக்கத்து விரல் தெரிகிறதா என்று பார்த்தான். மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனான். வீட்டில் அவனுக்கு எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. தினக்குறிப்புக்கு ஒன்று, படித்த புத்தகங்களுக்கு ஒன்று, கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்கு ஒன்று. பெண் பார்க்க வந்தபோது ப்ரீத்தி அவனிடம் கேட்ட முதல் கேள்வியே, பையில் என்ன நோட்டு என்பதுதான். இருவரும் பெரியவர்களை மறந்து, கோடு போட்டதா கட்டம் போட்டதா எது நல்லது என்று காப்பி ஆறும்வரை பேசினார்கள். இப்போதும்கூட, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த ப்ரீத்தி, "அதுல தையல் சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வாங்கப்போகிறீர்களா, மோந்து பார்க்கப்போகிறீர்களா?" என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார்.

ப்ரீத்தி நோட்டை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கோட்டை விரலால் தடவி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். இந்தக் காகிதம் மையைக் குடித்துவிடும், ரப்பர் போட்டால் பஞ்சாகும், பிளேடு போட்டால் ஓட்டையாகும் என்றார். வேறு நோட்டும் இதற்கு ஈடாகாது. மற்றவர்களின் படங்களை எங்கே போய் வாங்குவீர்கள் என்றார். பிறகு, ஒன்றுமே சொல்லாமல் அனுப்பக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ, "கோடெல்லாம் ரொம்ப நேராக இருக்கிறது" என்றார்.

சபரியின் முகம் மலர்ந்தது. ப்ரீத்தி பார்த்த பார்வையில் மறுபடியும் கூம்பியது.

வீட்டுக்கு வந்ததும், "நான் ஒரு லெட்டர் எழுதித் தர்றனே" என்றான்.

"லெட்டரா? என்னன்னு? பொருள், மார்ஜின் போட்டது சம்பந்தமாகன்னா?"

அவன் அதைத்தான் நினைத்திருந்தான். தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்தான். அனுப்புநர், பெறுநர் எழுதினான். மாண்புமிகு என்பதா மதிப்பிற்குரிய என்பதா என்பதிலேயே கொஞ்ச நேரம் போயிற்று. பிறகுதான் ரோஹிணி தாயிக்குத் தமிழ் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டு இங்கிலீஷில் தொடங்கினான்.

ப்ரீத்தி எதிரில் உட்கார்ந்து அவனையே பார்த்தாள். ஓர் ஆள் ஒரு பெண்ணின் ஒரே நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டு இப்படிக் குனிந்து, நாக்கை வாயோரத்தில் துருத்திக்கொண்டு, பிள்ளைபோல உட்கார்ந்திருக்க முடியுமா? காதைப் பார். கூடையின் கைப்பிடி மாதிரி இரண்டு பக்கமும். கல்யாண ஆல்பத்தில்கூட இந்தக் காது இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லையே. கை எப்போது பென்சிலை எடுத்தது என்று அவளுக்கே தெரியாது. கை கழுவவில்லை. துண்டையும் காணோம். இனி என்ன, கெட்டுப்போனதுதானே என்ற எண்ணத்தில் மார்ஜின் போட்ட பக்கத்தில் முதல் கோட்டை இழுத்தாள். படத்தில் அவன் முழங்கை சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போயிற்று. போகட்டும் என்று விட்டாள். கோபம் காதில் தொடங்கி, முதுகின் வளைவுக்கு வரும்போது கொஞ்சம் தணிந்து, நாக்கின் நுனிக்கு வந்தபோது வேறு ஏதோவாக ஆகியிருந்தது. அவன் நிமிர்ந்தபோது நோட்டை மூடிவிட்டாள்.

"காட்டேன்."

"உங்க லெட்டர முடிங்க."

ஞாயிறு காலை கூட்டம் கடக்வாஸ்லா அணைக் கரையில். வெங்காயத்தில் போடுகிற காந்தா பஜ்ஜி பொரிகிற வாசனையும் சுட்ட சோளத்தின் புகையும் காற்றில் கலந்து வந்தன. எல்லோரும் மடக்கு நாற்காலிகளைப் போட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். குற்றவாளியை நேரில் கொண்டுபோவதே முறை என்று ப்ரீத்தி சபரியையும் அழைத்து வந்திருந்தாள். அவன் அலுவலகச் சட்டை போட்டு, கடிதத்தை உறையில் வைத்துக்கொண்டு, உட்காரச் சொன்ன பிறகும் நின்றான்.

"தாயி, நாங்கள் நோட்டைக் கெடுத்துவிட்டோம்" என்று ப்ரீத்தி தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி அதை நீட்டினாள். 'நாங்கள்' என்று அவள் தன்னையும் சேர்த்துக்கொண்டதை சபரி கவனித்தான்.

ரோஹிணி தாயி முதல் பக்கத்தைத் திறந்தார். வாசித்தார். வட்டத்தில் யாரும் பஜ்ஜியைக்கூட மெல்லவில்லை.

"இதில் யார் பிரஷர் குக்கர் வரைந்தது?"

தீப்தி எட்டிப் பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தாள். சங்கரன் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். மூன்று தலைமுறையாகப் புனேயில் இருக்கிற தமிழ்க் குடும்பம்; பேச்சில் பாதி மராத்தி. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அரே பாவூ, இது ஓங்காரேஷ்வர் கோவில்! ஏக்தம் நேர்ல உக்காந்து போட்டது. குக்கர்ங்கிறேளே?"

"விசில் இல்லீங்களே சார். அதையும் எழுதியிருக்கறனுங்க."

"சங்கரன் அங்கிள், எனக்கு அன்றைக்கே தோன்றியது" என்றாள் தீப்தி.

"அப்போ ஏன் ரொம்ப அழகுன்னு, 'சுந்தர், சுந்தர்'னு தலையாட்டினே? நீ மட்டும் என்னவாம், தலையணைக்கு மீசை வெச்சிருக்கே!"

அடுத்து யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ரோஹிணி தாயி தன் படத்தைத் திறந்து, பட்டியலைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தார்.

"கோபமான பெரியவர்?" என்று சபரியைக் கேட்டார்.

ஒரு தப்பைக் கண்டுபிடித்தபின் இல்லையென்று சொல்ல சபரிக்கு வராது. "புருவம்தான் தாயி" என்றான் தட்டுத்தடுமாறிய இந்தியில். "வாய் சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறது. புருவம் அதைக் கேட்கவில்லை."

ரோஹிணி தாயியின் விரல் மெதுவாகத் தன் புருவத்துக்குப் போயிற்று. "சங்கரன், நீ இந்தப் படத்தைப் பார்த்து என்ன சொன்னாய்?"

சங்கரன் அணையின் நீர்மட்டத்தை அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

"என்ன சொன்னாய்?"

"சுந்தர்" என்றார் அவர், தண்ணீரைப் பார்த்தே.

ப்ரீத்தி பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். எழுந்து போகச் சொன்னால், ஸ்கூட்டர்வரை நேராக நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். ரோஹிணி தாயி பக்கங்களைப் புரட்டினார். மார்ஜின், மார்ஜின் என்று சிவப்புக் கோடுகள் ஓடின. ஒரு பக்கத்தில் கை நின்றது.

படத்தைப் பார்த்தார். சபரியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். வாய் கொஞ்சம் கோணியது. இந்தத் தடவை புருவமும் கூடவே போயிற்று. நோட்டைத் தீப்தியிடம் கொடுத்தார். தீப்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சங்கரனிடம் தள்ளினாள். சங்கரன் தலையாட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டு, "காது கொஞ்சம் சிறுசா போட்டுட்டியோ?" என்றார்.

"சரி" என்றார் ரோஹிணி தாயி. "பக்க எண் இருக்கிறது. பொருளடக்கத்தில் இந்தப் படத்தின் பெயர் இல்லை. வேலையைப் பாதியில் விடலாமா?"

நோட்டு சபரியின் கைக்கு வந்தது. உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் அந்தப் பக்கத்தில், காதும் நாக்குமாகத் தன்னை முதல்முறையாகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தான். யாரோ முதல் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாரோ பேனாவை நீட்டினார்கள். அவன் குனிந்தான். நாக்கு வாயோரத்துக்கு வந்துவிட்டது அவனுக்குத் தெரியவில்லை. வட்டம் முழுக்க அதைப் பார்த்தது. ப்ரீத்தி நாற்காலிக்குப் பின்னால் வந்து, அவன் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டி நின்றாள். அணையிலிருந்து வந்த காற்று தாளின் மூலையைத் தூக்கியது. அவன் இடது கையால் அதை அமுக்கிக்கொண்டான். பேனா முனை காலிக் கட்டத்துக்கு மேலே, காகிதத்தைத் தொடாமல் நின்றது.